தூசைத் துடைக்க வேண்டிய இடம்

அண்மையில் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது ஓர் இளம் பத்திரிகையாளரைச் சந்தித்தேன். துறைக்கு வந்து இரண்டு வருடங்கள்தான் ஆகின்றன. ஆர்வமுள்ள பிள்ளை. செய்தியும் எழுதுகிறார், படமும் எடுக்கிறார். பண்ணைக் கடலோரத்தில் தான் எடுத்த படங்களை மடிக்கணினியில் எனக்குக் காட்டினார். படங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால், எல்லாப் படங்களிலும் வானத்தின் வலது பக்கத்தில் ஐந்தாறு சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தன. ஒரு படத்தில் இருந்த அதே இடத்திலேயே அடுத்த படத்திலும் இருந்தன.

"தம்பி, உம்முடைய கமராவுக்குள் தூசு போயிருக்கிறது. துப்புரவு செய்யவில்லையா?" என்று கேட்டேன்.

"அது பிரச்சினை இல்லை சேர். கொம்பியூட்டரில ஒரு நிமிசத்தில எடுத்துப்போடலாம்" என்றார். சொன்னதோடு நில்லாமல், என் கண் முன்னாலேயே எடுத்தும் காட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வானம் கழுவிவிட்டது போலாகிவிட்டது.

அவருடைய கைவேகத்தை என்னால் ரசிக்க முடியவில்லை. ஏன் என்பதை அன்று விளக்கமாகச் சொல்வதற்கும் நேரமிருக்கவில்லை. அவர் ஏதோ ஓர் ஊடகச் சந்திப்புக்கு ஓட வேண்டியிருந்தது. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். கமரா வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும்.

நான் பத்திரிகைத்துறைக்குள் நுழைந்தது 1990களின் தொடக்கத்தில். அப்போது எல்லாம் பிலிம் சுருள்தான். எங்கள் அலுவலகத்தின் இருட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். நெகட்டிவில் தூசு ஒட்டியிருந்தால், அச்சாகும் படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். தூசு தடுத்த இடத்தில் வெளிச்சம் தாளில் படாது என்பதே காரணம். பெரியவர் படத்தை மேசையில் வைத்து, மயிரிழை போன்ற தூரிகையால் சாம்பல் நிறச் சாயத்தைத் தொட்டுத் தொட்டு அந்தப் புள்ளிகளை மறைப்பார். ஒரு படத்துக்கு அரை மணித்தியாலம்கூடச் செல்லும். நாங்கள் அச்சுக்கு நேரமாகிவிட்டதென்று வாசலில் நின்று கத்துவோம். அவர் அசையமாட்டார். எந்தப் புள்ளி தூசு, எந்தப் புள்ளி படத்தில் உள்ளது என்று சந்தேகம் வந்தால், நெகட்டிவை எடுத்து விளக்கின் மேல் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பார். பார்த்த பிறகுதான் தூரிகையைத் தொடுவார். அவருக்கு யாரும் ஊடக ஒழுக்கக்கோவை படிப்பித்ததில்லை.

பிலிமுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் புதிய பிலிம் பகுதி ஒன்று வந்து நின்றது. ஒரு படத்தில் தூசு விழுந்தால் அது அந்தப் படத்தோடு நகர்ந்து போய்விடும். டிஜிட்டல் கமராவில் அப்படியல்ல. எல்லாப் படங்களையும் பதிவதற்கு ஒரே ஒரு சென்சர்தான் இருக்கிறது. இன்று காலையில் அதன்மேல் விழுந்த தூசு, யாராவது அகற்றும் வரை அங்கேயே இருந்து, எடுக்கப்படும் ஒவ்வொரு படத்திலும் கையொப்பம் இடும்.

சரியாகச் சொல்வதானால் தூசு சென்சரின் மேல் விழுவதில்லை. சென்சருக்கு முன்னால் மெல்லிய வடிகட்டிக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. தூசு குந்துவது அதன் மேற்பரப்பில்தான். நாம் படத்தில் காண்பது அதன் நிழலை. ஆகவேதான் லென்ஸின் துவாரம் அகலமாகத் திறந்திருக்கும்போது, எஃப்2.8 அல்லது எஃப்4 அளவில், புள்ளி கரைந்து போய்க் கண்ணுக்குத் தெரியாது. பல திசைகளிலிருந்தும் வரும் வெளிச்சம் நிழலைக் கலைத்துவிடுகிறது. எஃப்16, எஃப்22 என்று துவாரத்தைச் சுருக்கினால் வெளிச்சம் ஒடுங்கி வருகிறது. நிழலும் கறுத்துத் திரள்கிறது. மேக மூட்டமான நாளில் தெரியாத புள்ளிகள், கொளுத்தும் வெயிலில் கடற்கரையில் நின்று படமெடுக்கும்போது திடீரென்று முளைப்பது இதனால்தான். பலர் கமரா பழுதாகிவிட்டதென்று பயந்துபோவார்கள்.

எவ்வளவு சிறிய தூசு என்று நினைக்கிறீர்கள்? 2004ஆம் ஆண்டில் பல பத்திரிகைக்காரர்களின் கைக்கு வந்த நிக்கொன் டீ70 கமராவை எடுத்துக்கொள்வோம். அதன் சென்சர் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் அகலமானது. அந்த அகலத்துக்குள் 3,008 படப்புள்ளிகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு அளவான துணுக்கு ஒன்று விழுந்தாலே, அது ஆறு படப்புள்ளிகளின் அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். நிழல் அதைவிடப் பெரிதாக விழும்.

இந்தத் தூசு எங்கிருந்து வருகிறது என்பதை எங்கள் நாட்டுப் படப்பிடிப்பாளர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது வன்னியினூடாகப் போய்வந்தவர்களின் தலைமயிர் செம்பட்டையாகியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அந்தச் செம்மண் புழுதிக்கு நடுவில், ஓடும் வானில் மடியில் கமராவை வைத்து லென்ஸ் மாற்றினால் வேறென்ன நடக்கும்? லென்ஸைக் கழற்றும் அந்தச் சில விநாடிகளே தூசுக்குப் போதுமானவை. ஸூம் லென்ஸ்களும் நீளும்போதும் சுருங்கும்போதும் துருத்தி போலக் காற்றை உறிஞ்சுகின்றன. கமராவின் உள்ளே அசையும் பாகங்களிலிருந்தும் துணுக்குகளும் எண்ணெய்த் துளிகளும் தெறிப்பதுண்டு. 2012இல் வெளியான நிக்கொன் டீ600 கமராவில் புள்ளிகள் அளவுக்கு மீறிச் சேர்கின்றன என்று உலகெங்கும் முறைப்பாடு எழுந்தது. கடைசியில் 2014இல், உத்தரவாதக் காலம் முடிந்த கமராக்களுக்கும் இலவசமாகத் துப்புரவு செய்து, தேவையானால் ஷட்டரையும் மாற்றித் தருவதாக அந்நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆகவே தூசு புகுந்தால் அது படப்பிடிப்பாளரின் கவனக்குறைவு என்று எடுத்த எடுப்பில் திட்டுவதும் நியாயமல்ல.

உற்பத்தியாளர்கள் கைகட்டிக்கொண்டு இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2003இல் ஒலிம்பஸ் தன்னுடைய ஈ-1 கமராவில், வடிகட்டிக் கண்ணாடியை மிகை ஒலி அதிர்வினால் உலுப்பித் தூசை உதிர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. உதிர்ந்தது திரும்பவும் பறக்காமல் இருப்பதற்குக் கீழே ஒரு பசைப்பட்டி. 2006இல் கனன் 400டீ கமராவிலும் அடுத்த ஆண்டில் நிக்கொன் டீ300 கமராவிலும் இத்தகைய ஏற்பாடு வந்தது. உலர்ந்த தூசுக்கு இது நல்ல மருந்து. ஈரப்பதனால் ஒட்டிப்போன தூசுக்கும் எண்ணெய்ப் புள்ளிக்கும் இது கேட்காது. கொழும்பின் காற்றில் ஈரம் எவ்வளவு என்பதை, லென்ஸில் பூஞ்சணம் பூத்துக் கண்ணீர்விட்டவர்கள் அறிவார்கள்.

தூசைக் கண்டுபிடிப்பது எளிது. துவாரத்தை எஃப்16 அல்லது எஃப்22இல் வைத்து, குவியத்தை வேண்டுமென்றே குலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ ஒரு படம் எடுங்கள். கணினியில் பெருப்பித்துப் பாருங்கள். புள்ளிகள் வரிசையில் வந்து நிற்கும். படம் சென்சரில் தலைகீழாகவே விழுகிறது என்பதை மறக்க வேண்டாம். லென்ஸைக் கழற்றிவிட்டு முன்னாலிருந்து பார்க்கும்போது, படத்தின் மேல் இடது மூலையில் கண்ட தூசு சென்சரின் கீழ் இடது மூலையில் இருக்கும். இதை அறியாமல் மேல் மூலையைத் தேய்த்துத் தேய்த்துக் களைத்தவர்களில் நானும் ஒருவன்.

அகற்றுவதில் முதல் வேலை ரப்பர் ஊதுகுமிழ். மின்கலத்தை முழுமையாக ஏற்றிக்கொண்டு, கமராவின் துப்புரவுத் தெரிவைப் பயன்படுத்தி உள்ளேயுள்ள ஆடியை மேலே தூக்கி நிறுத்துங்கள். பாதியில் மின்கலம் தீர்ந்தால் ஆடியும் ஷட்டரும் உங்கள் கருவியின் மேலேயே விழும். கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு நான்கைந்து தடவை ஊதினால் பெரும்பாலான தூசு போய்விடும். குமிழின் நுனி உள்ளே எதிலும் முட்டக்கூடாது. வாயால் ஊதவே கூடாது. எச்சில் துளி தூசைவிட மோசமானது. தகரக் குப்பியில் அடைத்த அழுத்தக் காற்றும் வேண்டாம். அதிலிருந்து திரவம் பீறிட்டு வடிகட்டியில் படிந்துவிடும். ஊதியும் போகாவிட்டால், சென்சரின் அளவுக்கே செய்யப்பட்ட துடைப்பானில் அதற்குரிய திரவத்தில் ஓரிரு துளிகள் இட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். திருப்பிப் பிடித்து மற்றப் பக்கத்தால் இன்னொரு இழுவை. பிறகு அந்தத் துடைப்பானை எறிந்துவிட வேண்டும். காசைப் பார்த்து இரண்டாம் தடவை பாவித்தால் கீறலை விலைக்கு வாங்குகிறீர்கள். கைநடுக்கம் உள்ளவர்கள் இதைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

இப்போது பரவலாகிவிட்ட ஆடியில்லாக் கமராக்களில் லென்ஸைக் கழற்றினால் சென்சர் வெறுமனே வெளியே தெரியும். 2018இல் வந்த கனன் ஈஓஎஸ் ஆர் போன்ற சிலவற்றில், கமராவை நிறுத்தியதும் ஷட்டர் மூடிக்கொள்கிறது. உங்கள் கமராவில் அப்படி உண்டா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கணினியில் ஒரு நிமிடத்தில் முடிகிற காரியத்துக்கு என்று அந்தத் தம்பி கேட்கக்கூடும். அவருக்காகத்தான் பின்வரும் சம்பவத்தை எழுதுகிறேன். இதில் குற்றவாளி நான்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கிய பிறகு, பல வாரங்களுக்கு யாரும் கடலில் இறங்கவில்லை. தோணிகள் உடைந்துபோயிருந்தன. உடையாத தோணிகளுக்கும் ஆளில்லை. கடலில் பிடித்த மீனைத் தின்னச் சனங்கள் அருவருத்த காலம் அது. 2005 பெப்ரவரியில் என்று நினைவு, அம்பாறை மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் படப்பிடிப்பாளர் ஒரு படத்தை அனுப்பினார். கல்முனையில் ஓர் இணையக் கடையில் இருந்து மின்னஞ்சலில் வந்தது. இடிந்த சுவர்களுக்கு நடுவில் பெண்களும் பிள்ளைகளும் முதுகைக் காட்டியபடி நிற்கிறார்கள். அவர்களுக்கு அப்பால் கடல். படத்தோடு அவர் அனுப்பிய குறிப்பு: "ஆழிப்பேரலைக்குப் பின்னர் முதற்தடவையாகக் கடலுக்குச் செல்லும் தோணியைப் பார்த்து நிற்கும் ஊர்மக்கள்."

உச்சி வெயிலில் துவாரத்தைச் சுருக்கி எடுத்த படம். வானம் நிறையத் தூசுப் புள்ளிகள். அன்றிரவு கடமையில் இருந்த நான், பக்க வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு, "அந்தப் புள்ளியெல்லாம் தூசு, எடுத்துவிடும்" என்று சொல்லிவிட்டு ஆசிரிய தலையங்கத்தைத் திருத்தப் போய்விட்டேன். அவர் கெட்டிக்காரர். வானத்தில் இருந்த பதினொரு புள்ளிகளையும் எடுத்தார். தொடுவானத்தில், கடல் முடிகிற இடத்தில் பன்னிரண்டாவதாக ஒரு புள்ளி இருந்தது. அதையும் எடுத்தார். அது தோணி.

திரும்பி வந்து பக்கத்தைப் பார்த்தேன். குறிப்பில் தோணி இருந்தது, படத்தில் இருக்கவில்லை. "தோணி எங்கே?" என்று கேட்டேன். "அப்படி ஒண்டும் இல்லையே சேர்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய திரையில் இல்லைதான். படப்பிடிப்பாளரைக் கேட்கலாமென்றால் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. மூலப்படத்தைத் திறந்து பாரும் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அச்சுக்கு நேரமாகிவிட்டது. குறிப்பைத் திருத்தினேன். "கடலை வெறித்துப் பார்த்து நிற்கும் ஊர்மக்கள்" என்று என் கையால் எழுதினேன்.

மறுநாள் படத்துக்கு நல்ல பாராட்டு. ஆழிப்பேரலையின் சோகத்தை இதைவிட உருக்கமாகக் காட்டிய படம் இல்லை என்று மூத்த நண்பர் ஒருவர் அழைத்துச் சொன்னார். நானும் மகிழ்ந்தேன். இரண்டு நாட்களின் பின் படப்பிடிப்பாளர் அந்தக் கிராமத்துக்குப் பத்திரிகையைக் கொண்டுபோனார். அந்தத் தோணியைச் செலுத்திய மீனவர் அதை வாங்கிப் பார்த்தாராம். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "கடல் விட்டுத் தந்த தோணிய நீங்க விழுங்கிப்போட்டீங்களே தம்பி" என்றாராம். குடும்பத்தில் இருவரைப் பறிகொடுத்த மனிதர் அவர். மற்றவர்களுக்குப் பயம் தெளிய வேண்டுமென்று அன்று தனியாகப் போயிருக்கிறார்.

அன்று அந்தக் கரையில் நடந்தது துக்கம் அனுட்டிப்பு அல்ல. ஊர் திரும்பவும் பிழைப்புக்குப் போன நாள் அது. நாங்கள் அதைத் தலைகீழாக்கி நாடு முழுவதும் விற்றோம். யாரும் சதி செய்யவில்லை, யாருக்கும் கெட்ட நோக்கம் இருக்கவில்லை. ஒரு தூசு துடைக்கும் கருவியும் ஒரு அவசரமும்தான்.

அக்கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. தூசை 'எடுக்கிறோம்' என்கிறோமே, உண்மையில் கணினியில் எதுவும் எடுக்கப்படுவதில்லை. புள்ளிக்குப் பக்கத்திலுள்ள பகுதியைப் பிரதியெடுத்துப் புள்ளியின் மேல் ஒட்டுகிறோம். வானத்தின் ஒரு துண்டை வெட்டி வானத்துக்கே ஒட்டுப்போடும் வேலை. தூசுக்கும் தோணிக்கும் அந்தக் கருவிக்கு வேறுபாடு தெரியாது.

இது நடந்து ஒன்றரை வருடம் கழித்து, 2006 ஓகஸ்டில், லெபனான் போரின்போது ரொய்ட்டர் செய்தி நிறுவனம் சிக்கிய விவகாரம் வெடித்தது. அட்னான் ஹஜ் என்ற படப்பிடிப்பாளர் அனுப்பிய பெய்ரூட் படத்தில் குண்டுவீச்சின் புகை பிரதிசெய்து பெருக்கப்பட்டிருந்தது. ஒரே புகைச்சுருள் அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்ப வந்ததை வலைப்பதிவர்கள் கண்டுபிடித்தார்கள். இஸ்ரேலிய விமானம் ஒன்றின் படத்திலும் இவ்வாறே கைவைக்கப்பட்டிருந்தது. ரொய்ட்டர் அவருடனான தொடர்பைத் துண்டித்து, அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து விலக்கியது. அவர் சொன்ன சமாதானம் என்னவென்று ரொய்ட்டரே வெளியிட்டது: தூசு அடையாளங்களை அகற்ற முயன்றாராம், வெளிச்சம் போதாமையால் தவறு நேர்ந்துவிட்டதாம். உலகம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவருடைய புகைக்கும் என்னுடைய தோணிக்கும் இடையில் நோக்கத்தில் பெரிய வேறுபாடு உண்டு என்பதை நான் அறிவேன். ஆனால் தூசு என்ற சொல் எவ்வளவு பெரிய கதவைத் திறந்துவிடுகிறது என்பதையும் அறிந்திருந்தேன்.

2014 ஜனவரியில் ஏ.பி. நிறுவனம் புலிட்சர் விருது பெற்ற நார்சிஸோ கொன்ட்ரேராஸ் என்ற படப்பிடிப்பாளருடன் உறவை முறித்துக்கொண்டது. சிரியாவில் அவர் எடுத்த படத்தின் மூலையில் சக ஊடகவியலாளரின் வீடியோ கமரா ஒன்று தெரிந்தது. படத்துக்கு இடைஞ்சலாக இருந்த அதை, பக்கத்திலிருந்த மண்ணைப் பிரதியெடுத்து மூடிவிட்டார். அதே கருவி. அவர் எடுத்த மற்றப் படங்கள் எதிலும் தவறு காணப்படவில்லை. இருந்தும் அனைத்தையும் ஏ.பி. தன் பொதுக் களஞ்சியத்திலிருந்து அகற்றியது.

இத்தனைக்கும், சென்சர் தூசைக் கணினியில் அகற்றுவதை ஏ.பி.யும் ரொய்ட்டரும் தடைசெய்யவில்லை. படத்தில் உள்ள எதையும் அழிக்கக்கூடாது என்ற விதிக்கு அவர்கள் வைத்திருக்கும் ஒரே பெரிய விலக்கு தூசுதான். அந்த விலக்கு நியாயமானது என்பதே என் கருத்தும். தூசை அப்படியே விட்டுவிடுவதுதான் நேர்மை என்று சில தூய்மைவாதிகள் வாதிடுகிறார்கள். அவர்கள் எங்கள் பக்கத்து வாசகர்களை அறியாதவர்கள். வானத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் பதுங்கு குழியைத் தேடிப் பழகிய சனங்கள் நாங்கள். வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயர் வைத்து, அதன் இரைச்சலுக்குக் காதைத் தீட்டி வாழ்ந்தவர்கள் இன்றும் பத்திரிகை படிக்கிறார்கள். முள்ளிவாய்க்கால் வானத்தில் இல்லாத ஒரு புள்ளியை அச்சிடுவதும் பொய்தான்.

என்னுடைய கருத்து வேறுபாடு யார், எப்போது, எதைப் பார்த்து அகற்றுவது என்பதில்தான் இருக்கிறது. தூசுக்கு ஓர் அடையாளம் உண்டு. அது எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்கும். தோணி நகரும், காகம் பறக்கும், வண்டு சுற்றும். அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அலுவலகத்தில் இருப்பவர் கையில் ஒரு படம்தானே இருக்கிறது! ஆகவே கணினியில் தூசை அகற்றும் உரிமை படத்தை எடுத்தவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். அவர் கையில்தான் மற்றப் படங்கள் இருக்கின்றன, அவர்தான் அந்த இடத்தில் நின்றவர். பக்க வடிவமைப்பாளருக்கோ, என்னைப் போன்ற இரவுக்கடமை ஆசிரியருக்கோ அந்த உரிமை கிடையாது. இதைப் பத்திரிகை அலுவலகங்கள் எழுத்தில் வைக்க வேண்டும். ஏற்க மறுக்கும் ஆசிரியர்கள், நேரமில்லை என்பார்கள். எனக்கும் அன்று நேரமிருக்கவில்லை.

மூலப்படத்தில் எவரும் கைவைக்கக்கூடாது என்பது இதைவிட முக்கியம். பிரதி ஒன்றில்தான் வேலை செய்ய வேண்டும். இதற்கு ஒழுக்கம் மட்டும் காரணமல்ல. அகமட் எமிர் டிரிக், ஹுஸ்ரவ் சென்ஜார், நசீர் மேமன் என்ற மூன்று ஆய்வாளர்கள், படத்திலுள்ள தூசுப் புள்ளிகளின் ஒழுங்கை வைத்தே அது எந்தக் கமராவினால் எடுக்கப்பட்டதென்று கண்டறியலாம் எனக் காட்டி 2008இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். கைரேகை போன்ற சங்கதி. நாம் அருவருத்துத் துடைக்கும் தூசே, படம் இன்னாருடைய கமராவில் இருந்து வந்தது என்று நாளைக்குச் சாட்சி சொல்லக்கூடும். படம் உண்மையா பொய்யா என்று வருடக்கணக்கில் வாதாடப்பட்ட ஒரு நாட்டில், மூலப்படத்தை அழிப்பவர் ஒரு சாட்சியை அழிக்கிறார்.

இன்றைய நிலைமை இன்னும் கடினமானது. 2021இல் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் 6 தொலைபேசியில், படத்தில் வேண்டாத ஆட்களை விரலால் தொட்டு அழிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இப்போது அத்தகைய வசதி எத்தனையோ தொலைபேசிகளில் வந்துவிட்டது. போட்டோஷொப் தெரிந்த கெட்டிக்காரர் ஒருவர் தேவைப்பட்ட காலம் போய்விட்டது. எது இடைஞ்சல் என்று மென்பொருளே வட்டமிட்டுக் காட்டுகிறது. யாழ்ப்பாணத்தில் அந்தத் தம்பி வானத்தைக் கழுவியபோது, புள்ளிகளோடு தொலைவில் பறந்த ஒரு பறவையும் போயிற்று. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். அவருக்கு ஓர் ஊதுகுமிழும் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் கட்டாரில் வேலை செய்யும் ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த மீனவரின் மகன். தகப்பனார் காலமாகிவிட்டாராம். 2005இல் அவர் கடலுக்குப் போனபோது எடுத்த, தோணி தெரிகிற உண்மைப் படம் உங்களிடம் இருக்கும்தானே, அனுப்பிவைக்க முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்.

தேடினேன். வடிவமைப்பாளர் அன்று திருத்திய படத்தை அதே பெயரில் மூலப்படத்தின் மேலேயே சேமித்திருந்தார். மின்னஞ்சல் கணக்கு எப்போதோ மூடப்பட்டுவிட்டது. படப்பிடிப்பாளரைக் கேட்டேன். நினைவக அட்டைகள் விலை கூடிய காலம், மறுநாளே அழித்துவிட்டு வேறு படங்கள் எடுத்துவிட்டேன் அண்ணன் என்றார்.

கடைசியில் பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து அவரிடம் கொண்டுபோனேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, கடலும் வானமும் சேரும் கோட்டில், இடது பக்கத்தில் நின்ற சிறுமியின் தலைக்கு நேர் மேலே, நீலப் பேனாவால் ஒரு சிறிய வட்டம் போட்டார். தோணி நின்ற இடம் அதுதான் என்று எழுதி, அந்தப் பக்கத்தை ஸ்கான் செய்து கட்டாருக்கு அனுப்பினேன்.